லண்டனின் சின்ன கிளப்புகளில் ராக் கச்சேரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்க, வேலை பார்க்க என்று லண்டன் வந்து, ஊர் கொஞ்சம் பழகிய பிறகு நம்மவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. வெம்ப்ளியில் ஒரு பெரிய பெயரைப் பார்க்க நூறு பவுண்டுக்கு மேல் கொடுத்து, கடைசியில் திரையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன கிளப் என்றால் எவ்வளவு சின்னது?

100 பேர் முதல் 350 பேர் வரை நிற்கக்கூடிய அறை. பெரும்பாலும் ஒரு பப்பின் பின்னறை, மாடி அல்லது நிலவறை. நாற்காலி இருக்காது. மேடை முழங்கால் உயரம் இருந்தால் பெரிது. முன்வரிசையில் நின்றால் கிதார்காரரின் காலடியில் இருக்கும் பெடல்களில் (மிதித்துக் கிதாரின் ஒலியை மாற்றும் பெட்டிகள்) எந்தச் சிவப்பு விளக்கு எரிகிறது என்பதுகூடத் தெரியும். அடுத்த பாட்டு என்ன என்று தரையில் டேப் போட்டு ஒட்டிய காகிதத்தைப் படித்து நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

வாசிப்பவர்கள் பெரும்பாலும் இண்டி குழுக்கள். பெரிய கம்பெனியின் பணம் இல்லாமல், சொந்தமாகவோ சின்ன லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) மூலமாகவோ பாட்டு வெளியிடுபவர்கள். மறுநாள் காலை வேலைக்குப் போகிறவர்கள்தான் அதில் பாதிப்பேர்.

எனக்கு எந்தக் குழுவின் பெயரும் தெரியாது. யாரைப் பார்க்கப் போவது?

குழுவைத் தேடாதீர்கள், அறையைத் தேடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான்.

நல்ல அறை ஒவ்வொன்றிலும், யார் எந்த இரவு வாசிப்பது என்று முடிவு செய்யும் ஒரு ஆள் இருப்பார். அவருக்கு வரும் பதிவுகளையெல்லாம் கேட்டு, பத்தில் ஒன்பதை ஒதுக்கி, மிச்சத்தை மேடையேற்றுவது அவர் வேலை. அந்த ஆளின் காது உங்களுக்குப் பிடித்துவிட்டால், பெயர் தெரியாத குழுவுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

பிரிக்ஸ்டனில் இருக்கும் விண்ட்மில் இதற்கு நல்ல உதாரணம். பிரிக்ஸ்டன் ஸ்டேஷனில் இறங்கி பிரிக்ஸ்டன் ஹில் மேட்டில் ஏறினால், பிளென்ஹெய்ம் கார்டன்ஸ் என்ற சின்னத் தெரு. அங்கே 1816இல் கட்டிய உண்மையான காற்றாலை ஒன்று இன்னும் நிற்கிறது. அதன் பக்கத்தில், வெளியிலிருந்து பார்த்தால் எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு பப். ஒரு காலத்தில் அதன் கூரைமேல் நின்று போவோர் வருவோரைப் பார்த்துக் குரைக்கும் நாய் அந்தப் பேட்டைக்கே பிரபலம். உள்ளே 150 பேர் நின்றால் நிறைந்துவிடும். பல ஆண்டுகளாக அங்கே குழுக்களைத் தேர்ந்தெடுப்பவர் டிம் பெர்ரி. ஷேம், கோட் கேர்ள், பிளாக் மிடி, ஸ்குவிட், பிளாக் கன்ட்ரி நியூ ரோட் என்று பிறகு உலகம் சுற்றிய குழுக்கள் இந்த அறையில் வாசித்து வளர்ந்தவை. பிளாக் மிடியின் முதல் ஆல்பம் வந்தது 2019இல். அந்த ஆண்டே, சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியலுக்கும் போய்விட்டது. அதற்கு வெகு முன்பே, இணையத்தில் ஒரு பாட்டுகூட இல்லாத காலத்தில், அவர்களைக் கேட்க ஒரே வழி விண்ட்மில்லுக்கு நேரில் போவதுதான்.

ஆக, ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை அங்கே போங்கள். வாசிக்கும் குழுக்களில் பாதி உங்களுக்குப் பிடிக்காமல் போகும். பரவாயில்லை.

வேறு எந்த அறைகளைச் சொல்வீர்கள்?

ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் துணிக்கடைகளுக்கு நடுவே படியிறங்கினால் 100 கிளப். 1942 முதல் அங்கே பாட்டு நடக்கிறது. முதலில் ஜாஸ், 1976 செப்டம்பரில் இரண்டு நாள் பங்க் (வேகமான, முரட்டு ராக்) விழாவில் செக்ஸ் பிஸ்டல்ஸும் தி கிளாஷும் வாசித்தார்கள். சிவப்புச் சுவர், நடுவில் மறைக்கும் தூண்கள். இங்கே தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாமல் இடம் பிடிப்பது ஒரு கலை.

பென்டன்வில் சாலையில் தி லெக்ஸிங்டன். கீழே பப், மேலே 200 பேருக்கான அறை. ஒலி சுத்தமாக இருக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஹாக்னியில் மோத் கிளப், முன்னாள் படைவீரர்கள் சங்கமாக இருந்த இடம். மேற்கூரை முழுக்கத் தங்க நிறத்தில் மினுமினுக்கும். பாட்டு பிடிக்காவிட்டால் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். டால்ஸ்டனில் ஷாக்கில்வெல் ஆர்ம்ஸ், காம்டனில் மேட்னஸ் குழு தொடக்க காலத்தில் வாசித்த டப்ளின் காசில், ஸ்டெப்னியில் ஜார்ஜ் டாவர்ன்.

ஈஸ்ட் ஹாமில் இருப்பவர்கள் ஒரு முறையாவது ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கம் கார்ட் அண்ட் ஹார்ஸஸ் போய் வாருங்கள். அயர்ன் மெய்டன் 1976இல் வாசிக்கத் தொடங்கிய பப். இண்டி இல்லை, மெட்டல்தான். ஆனால் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது.

டிக்கெட் எவ்வளவு? எங்கே வாங்குவது?

பெரும்பாலும் 8 முதல் 15 பவுண்டு. வாரநாட்களில் ஐந்துக்கும் கிடைக்கும், சில இரவுகள் இலவசம். டைஸ் என்ற செயலியில்தான் பாதிக்கு மேல் விற்கிறது. கட்டணம் எல்லாம் சேர்த்த விலையை முதலிலேயே காட்டிவிடும். டிக்கெட் போனுக்குள்ளேயே இருக்கும், கள்ளவிலைக்கு விற்க முடியாது. தீர்ந்துவிட்டது என்று காட்டினால் விட்டுவிடாமல் காத்திருப்புப் பட்டியலில் சேருங்கள். வர முடியாதவர்கள் திருப்பிக் கொடுக்கும் டிக்கெட், கச்சேரி அன்று மதியம் சடசடவென்று வந்து விழும்.

அறையின் இணையதளத்தையும் இன்ஸ்டாகிராமையும் பின்தொடருங்கள். மேடை நேரம் அன்று மாலை அங்கேதான் போடுவார்கள்.

வாசலில் "யாரைப் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்கிறார்களே, ஏன்?

உங்களைச் சந்தேகப்பட்டு இல்லை. ஒரே இரவில் மூன்று, நான்கு குழு வாசிக்கும் சின்னக் கச்சேரிகளில், எந்தக் குழுவுக்காக எத்தனை பேர் வந்தார்கள் என்று வாசலில் ஒருவர் தாளில் கோடு போட்டுக் கணக்கு வைப்பார். அந்தக் கோடுகளை எண்ணித்தான் குழுவுக்குப் பணம். இத்தனை பேருக்கு மேல் வந்தால்தான் பங்கு என்று சில ஏற்பாட்டாளர்கள் வரம்பும் வைத்திருப்பார்கள். இருபத்தைந்தாவது ஆள் வரும்வரை குழுவுக்கு ஒரு பென்னிகூட இல்லை என்ற மாதிரி. எனக்கு இந்த முறையே பிடிக்காது. ஆள் சேர்க்கும் வேலையைக் குழுவின் தலையில் கட்டிவிட்டு, வசூலைத் தாங்கள் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இருக்கிறது.

"சும்மா வந்தேன்", "எல்லாரையும்தான்" என்று சொன்னால் உங்கள் கோடு யார் பெயரிலும் விழாமல் போகலாம். ஆகவே பட்டியலில் ஒரு பெயரை முன்பே பார்த்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள். யாரையும் தெரியாது என்றால் முதலில் வாசிக்கும் குழுவின் பெயரைச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்குத்தான் தேவை அதிகம்.

கதவு 7.30க்குத் திறக்கும் என்று போட்டிருக்கிறது. எத்தனை மணிக்குப் போனால் போதும்?

7.30 என்பது கதவு திறக்கும் நேரம். முதல் குழு எட்டு மணிவாக்கில், அரை மணி நேரம். இருபது நிமிட இடைவெளி. இரண்டாவது குழு 8.50 போல. கடைசியாக, அன்றைய முக்கியக் குழு 9.30 அல்லது 9.45. பதினொன்றுக்குள் முடிந்துவிடும்.

நம்மவர்கள் செய்வது என்னவென்றால், சாப்பிட்டுவிட்டு நிதானமாக 9.30க்குப் போவது. தயவுசெய்து எட்டு மணிக்குப் போங்கள். சென்னையில் மார்கழியில் மதியம் இலவசமாக நடக்கும் இளையவர் கச்சேரிகளில் பாதி நாற்காலி காலியாக இருக்க, யாரோ ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை தோடியை அள்ளிக் கொட்டிவிட்டுப் போகுமே, இங்கே எட்டு மணிக் குழு அந்த மாதிரி.

கதையாகச் சொல்லவில்லை. 1993 மே 31 அன்று கிளாஸ்கோவில் கிங் டட்ஸ் என்ற 300 பேர் அறையில், பட்டியலின் அடியில் ஒட்டிக்கொண்டு மான்செஸ்டரிலிருந்து வந்த ஒரு குழு நான்கே பாட்டு வாசித்தது. கிரியேஷன் லேபிளின் ஆலன் மெக்கீ அன்று சீக்கிரமே வந்து உள்ளே நின்றிருந்தார்; அங்கேயே ஒப்பந்தம் தருவதாகச் சொல்லிவிட்டார். அந்தக் குழுதான் பிறகு உலகப் புகழ் பெற்ற ஒயாசிஸ். சமீபத்திய உதாரணம் வேண்டுமென்றால் தி லாஸ்ட் டின்னர் பார்ட்டி: 2021 இறுதியில் ஜார்ஜ் டாவர்னில் தொடங்கி, ஒரு பாட்டுகூட வெளியிடாமலேயே 2022 கோடையில் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரி நாளில் வாசித்தார்கள். 2024 பிப்ரவரியில் அவர்களுடைய முதல் ஆல்பம் பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் நேராக முதலிடம்.

எட்டு மணிக் குழுக்களில் பெரும்பாலானவை இப்படி ஆவதில்லை என்பதும் உண்மை. சிலது கேட்கவே முடியாது. அரை மணி நேரம்தானே.

இரண்டு குழுக்களுக்கு நடுவே இருபது நிமிடம் என்னதான் செய்கிறார்கள்?

ஒருமுறை பாருக்குப் போகாமல் நின்று பாருங்கள், சுவாரஸ்யமாக இருக்கும். டிரம்ஸ் பொதுவாக அறையுடையது அல்லது ஒரு குழு கொண்டுவந்து எல்லாரும் பகிர்ந்துகொள்வது. ஆனால் ஸ்னேர் (நடுவில் இருக்கும் சின்ன டிரம்), சிம்பல் (உலோகத் தட்டு), கால் மிதி மூன்றையும் அவரவர் கொண்டுவர வேண்டும். எளிதில் உடைபவை, கைப்பழக்கத்துக்கு ஏற்ப மாறுபவை என்பதால். ஆகவே முடித்த டிரம்மர் வியர்வையோடு சிம்பலைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் தன் சிம்பலோடு பக்கத்தில் நிற்பார். கிதார்காரர் பெடல் பலகையைச் சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள்ளேயே இறங்கி வருவார், வேறு வழி கிடையாது. உங்கள் கையில் இருக்கும் கிளாஸை ஓரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சவுண்டு இன்ஜினியர் ஒருவரே மைக்கும் மாட்டி, ஓடிப்போய் சவுண்டு மேசையில் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பலகை) சரியும் பார்ப்பார். "கிக் டிரம் கொடுங்க... சரி, இப்ப பேஸ்" என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்பது உங்கள் காதிலும் விழும்.

நான் குடிப்பதில்லை. போகலாமா?

தாராளமாக. லைம் சோடா கேளுங்கள், ஆல்கஹால் இல்லாத பீர் இப்போது எல்லா இடத்திலும் உண்டு. குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்தில் மது உரிமத்தின் கட்டாய நிபந்தனை; கேட்க வெட்கப்பட வேண்டாம். ஆனால் முடிந்தால் ஏதாவது ஒன்றைக் காசு கொடுத்து வாங்குங்கள். இந்த அறைகளை ஓட்டுவது டிக்கெட் இல்லை, பார்தான்.

சாப்பாட்டுக்கு நம்பிப் போக வேண்டாம். சில பப்புகளில் பீட்சா கிடைக்கும், பலவற்றில் சிப்ஸ் பாக்கெட்டுதான். சாப்பிட்டுவிட்டே போங்கள், எட்டு மணிக்குள்.

பெண், தனியாகப் போக நினைக்கிறேன். சரியாக இருக்குமா?

தனியாக வருபவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையவே உண்டு, பெண்களும் சேர்த்து. யாரும் விசாரிக்க மாட்டார்கள். சவுண்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றால் ஒலியும் நன்றாக இருக்கும், ஓர் ஊழியரும் எப்போதும் அருகில் இருப்பார். யாராவது தொந்தரவு செய்தால் பாரிலோ வாசலிலோ நேராகச் சொல்லுங்கள். வெளிப்படையாகச் சொல்ல முடியாத நிலை என்றால், பல பப்புகளில் பார் ஊழியரிடம் "ஏஞ்சலா இருக்கிறாரா?" என்று கேட்டால் போதும், புரிந்துகொண்டு உதவுவார்கள். 2016இல் லிங்கன்ஷையரில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய ஏற்பாடு இது. கழிவறைக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்கும்.

கழிவறை பற்றியும் கேட்கிறார்கள். குழுக்கள் இந்த அறைகளைச் சுற்றிவரும் பயணத்துக்கு இங்கே 'டாய்லட் சர்க்யூட்' என்றே பட்டப்பெயர். அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அறையில் நம் நிறத்தில் நான் ஒருவர்தான் இருப்பேனோ?

சில இரவுகளில் ஆமாம். சொல்லாமல் மறைக்க முடியாது. இண்டி ராக் கூட்டம் இன்னும் பெரும்பாலும் வெள்ளைக் கூட்டம்தான். ஆனால் முறைத்துப் பார்ப்பது, "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று குடைவது எல்லாம் இங்கே நான் பார்த்த அளவில் அபூர்வம். இருட்டு, எல்லாரும் மேடையைப் பார்த்து நிற்கிறார்கள்.

இந்த இசைக்கும் நம் பேட்டைகளுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. பிரபல கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1976இல் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியதற்குப் பதிலடியாகத் தொடங்கிய இயக்கம் 'ராக் அகென்ஸ்ட் ரேசிசம்'. அதன் முதல் கச்சேரி அதே ஆண்டு நவம்பரில் நடந்தது ஃபாரஸ்ட் கேட்டில், பிரின்சஸ் ஆலிஸ் என்ற பப்பில். இன்று தோசைக்கடைகள் வரிசையாக நிற்கும் ஈஸ்ட் ஹாமுக்கு அடுத்த பேட்டை. பிறகு 1991இல் லெஸ்டரில் உருவான கார்னர்ஷாப் குழு, டிஜிந்தர் சிங் பாட, 1998இல் பிரிட்டன் பாட்டுப் பட்டியலின் முதலிடத்துக்கே வந்தது. நிறமுள்ளவர்கள் தங்களுக்காகவே நடத்தும் டீகாலனைஸ் ஃபெஸ்ட் என்ற பங்க் விழாவும் 2017 முதல் லண்டனில் உண்டு. முதல் தடவை கூட்டம் பற்றிக் கூச்சமாக இருந்தால் அங்கே தொடங்கலாம்.

எங்கே நிற்பது? முன்னால் தள்ளுமுள்ளாக இருக்குமே?

எல்லாக் குழுவுக்கும் இல்லை. மெல்லிய கிதார் குழு என்றால் கூட்டம் சிலை மாதிரி நிற்கும். தலை மட்டும் ஆடும். பங்க் சாயல் உள்ள குழு என்றால் மூன்றாவது பாட்டில் நடுவே வட்டம் திறக்கும், ஒருவர்மேல் ஒருவர் மோதுவார்கள். அதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் அடுத்த நொடியே தூக்கிவிட வேண்டும். செருப்பு, கண்ணாடி கழன்றால் கையில் உயர்த்திக் காட்டுவார்கள். வேண்டாம் என்றால் ஓரமாக நின்றால் போதும், இழுக்க மாட்டார்கள்.

உயரம் குறைந்தவர்கள் சுவரோரம் முன்னால் போகலாம். ஒலிதான் முக்கியம் என்றால் சவுண்டு மேசைக்குச் சற்று முன்னால், நடுவில். அந்த இன்ஜினியர் அங்கே நின்று கேட்டுத்தான் எல்லாவற்றையும் சரி செய்கிறார். மேடைக்கு ஒட்டி நின்றால் டிரம்ஸும் ஆம்ப்பும் (கிதாரின் ஒலிபெருக்கி) நேரடியாகக் காதில் அறையும்; பாடுபவரின் குரல் தலைக்குமேல் போய்விடும்.

காதுக்கு ஏதாவது ஆகுமா?

ஆகும். இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்ன அறையில் 100 டெசிபல் சாதாரணம். அமெரிக்கத் தொழில்சுகாதார நிறுவனமான நியாஷ் கணக்குப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம்தான். நீங்கள் நிற்கப்போவது இரண்டரை மணி நேரம். இசை அரங்குகளில் பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்திருக்கிறது.

நுரை அடைப்பான் பாரில் கேட்டால் சில இடங்களில் கொடுப்பார்கள். அது உயர்சுருதியை அதிகமாக வெட்டிவிடுவதால் எல்லாம் கம்பளிக்குள்ளிருந்து கேட்பது போலிருக்கும். இசைக்கலைஞர்களுக்கென்றே விற்கும் வடிகட்டி வைத்த அடைப்பான் இருபது பவுண்டு சுற்றி வரும். சத்தத்தைச் சீராகக் குறைக்கும், பாட்டு பாட்டாகவே கேட்கும். சாவிக்கொத்தில் மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் இருப்பவர்களின் காதைப் பாருங்கள், பாதிப்பேர் போட்டிருப்பார்கள்.

பாட்டு வரிகளே புரிவதில்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தும்.

பக்கத்தில் நிற்கும் ஆங்கிலேயருக்கும் புரியவில்லை. இந்த அறைகளில் குரல் எப்போதும் கிதாருக்குக் கீழேதான் நிற்கும். வரி வேண்டும் என்றால் மறுநாள், குழுக்கள் தங்கள் பாட்டை விற்கும் இணையதளமான பேண்ட்கேம்ப்பில் படித்துக்கொள்ளுங்கள்.

போனில் படம் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஒரு பாட்டு, ஃபிளாஷ் இல்லாமல், நெஞ்சு உயரத்தில் பிடித்து. 150 பேர் அறையில் தலைக்குமேல் போனைத் தூக்கினால் பின்னால் இருப்பவருக்குக் கச்சேரி முடிந்தது. எடுத்ததைக் குழுவின் பெயரை இணைத்துப் போடுங்கள். அவர்களிடம் வேறு நல்ல காணொளி இருக்காது.

நான் கொடுக்கும் பணம் குழுவுக்குப் போய்ச் சேருகிறதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 பவுண்டு வீதம் 100 டிக்கெட், 800 பவுண்டு. ஏற்பாட்டாளர் வாட் கட்டுபவராக இருந்தால் 133 அங்கேயே போயிற்று. பாட்டின் உரிமைக்காக பி.ஆர்.எஸ். அமைப்புக்கு ஒரு பங்கு. சவுண்டு இன்ஜினியர், வாசலில் நிற்பவர், விளம்பரம், அறை வாடகை. மிச்சத்தை மூன்று குழுக்கள், குழுவுக்கு நான்கு பேர் என்று பிரித்தால், வேன் பெட்ரோலுக்கு வந்தால் நல்ல நாள்.

அதனால்தான் டி-ஷர்ட் மேசை. கச்சேரி முடிந்ததும் பாடியவரே வந்து நிற்பார். அங்கே கொடுக்கும் இருபது பவுண்டு, வருடம் முழுக்க ஸ்பாட்டிஃபையில் நீங்கள் கேட்பதைவிடப் பல மடங்கு அவர்கள் கைக்குப் போகும். பெரிய அரங்குகள் இந்த விற்பனையிலும் கால் பங்குவரை கேட்பதுண்டு. அதை எதிர்த்து, பங்கே கேட்காத அரங்குகளின் பட்டியல் ஒன்றைக் கலைஞர்கள் அமைப்பு 2022இல் வெளியிட்டது. சின்ன அறைகளில் பெரும்பாலும் இந்த வெட்டு இல்லை. கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும், கார்டு இயந்திரம் நிலவறையில் சிக்னல் இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒன்றும் வாங்காவிட்டாலும் "நன்றாக இருந்தது, மூன்றாவது பாட்டு பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அதற்கு யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

அடையாள அட்டை, கோட்டு, பை?

25 வயதுக்குக் கீழே தோற்றமளித்தால் வயதுச் சான்று கேட்பார்கள். நம் ஆட்களுக்கு முப்பதிலும் கேட்கிறார்கள், பாராட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை இரவு பப்புக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கார் ஓட்டாவிட்டாலும் புரொவிஷனல் லைசென்ஸ் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டால் எங்கும் செல்லும்.

குளிர்காலக் கோட்டுதான் பெரிய தொல்லை. கோட்டு வைக்கும் இடம் பல அறைகளில் இல்லை. நூறு பேர் மூச்சில் உள்ளே பங்குனி வெயில். மடித்தால் பையில் அடங்கும் மெல்லிய ஜாக்கெட்டும் உள்ளே இரண்டு அடுக்கும் போதும். லேப்டாப் பையோடு நேராக ஆபீசிலிருந்து வராதீர்கள்.

பதினாறு வயது மகனை அழைத்துப்போகலாமா?

அறைக்கு அறை மாறும். டிக்கெட்டில் 18+ அல்லது 14+ என்று போட்டிருக்கும். 14+ என்றால் பெரியவர் கூட இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. சந்தேகம் என்றால் அறைக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

இந்த இடங்கள் எல்லாம் மூடிக்கொண்டு வருகின்றன என்கிறார்களே?

உண்மைதான். மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 2014 முதல் இந்தச் சின்ன அறைகளுக்காகப் போராடி வருகிறது. அவர்கள் கணக்குப்படி 2023இல் மட்டும் பிரிட்டனில் 125 அறைகள் நேரடி இசையைக் கைவிட்டன. மிச்சமிருந்தவற்றின் சராசரி லாபம் அந்த ஆண்டு அரை சதவீதம். வாடகை, மின்சாரம், வரி எல்லாம் ஏறுகிறது. டிக்கெட்டை ஏற்றினால் கூட்டம் வராது.

இன்னொரு தலைவலி அக்கம்பக்கம். முப்பது வருடமாகப் பாட்டு நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதிய அடுக்குமாடி கட்டுவார்கள். குடிவந்தவர் இரண்டாம் மாதம் சத்தம் என்று புகார் கொடுப்பார். ஜார்ஜ் டாவர்ன் பக்கத்துக் கட்டுமானத்தை எதிர்த்து வருடக்கணக்கில் வழக்காடியது. இங்கிலாந்தின் திட்டமிடல் விதிகளில் 2018இல் ஒரு மாற்றம் வந்தது: புதிதாகக் கட்டுபவர்தான் சத்தத்தைத் தடுக்கும் செலவை ஏற்க வேண்டும். நல்ல விதி, ஆனால் பழைய சண்டைகளுக்கு உதவவில்லை.

பெரிய அரங்குகளின் டிக்கெட்டில் ஒரு பவுண்டு பிடித்து இவர்களுக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை இப்போது சூடாக ஓடுகிறது. கோல்ட்ப்ளே 2025 பிரிட்டன் ஸ்டேடியம் கச்சேரிகளின் வருமானத்தில் பத்து சதவீதத்தை இந்த அறக்கட்டளைக்குத் தருவதாக அறிவித்தது. எல்லாப் பெரிய பெயர்களுமே ஏதோ ஒரு பப்பின் பின்னறையில் தொடங்கியவர்கள்தான். கட்டாயமாக்கினாலும் தப்பில்லை என்பது என் கட்சி.

பதினொரு மணிக்கே முடித்துவிடுகிறார்களே, ஏன்? வீட்டுக்கு எப்படித் திரும்புவது?

2012இல் வந்த நேரடி இசைச் சட்டம், மது உரிமம் உள்ள சின்ன இடங்களில் காலை எட்டு முதல் இரவு பதினொன்று வரை தனி இசை உரிமம் இல்லாமலேயே வாசிக்க அனுமதித்தது. அதற்குமேல் போக வேண்டுமென்றால் தனி அனுமதி வேண்டும், அதற்கு அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் சொல்லலாம். ஆகவே பதினொன்று என்பது பல அறைகளில் எழுதப்பட்ட எல்லை. வெள்ளி, சனியில் சில இடங்கள் பிறகு டிஜே வைத்துத் தொடரும்.

நமக்கு இது வசதி. வாரநாளிலும் கடைசி ரயில் கிடைக்கும். வெள்ளி, சனி இரவு முழுக்க விக்டோரியா, சென்ட்ரல், ஜூபிலி, நார்தர்ன், பிக்காடில்லி லைன்கள் ஓடும். டூட்டிங்காரர்களுக்கு நார்தர்ன் நேராகவே போகும். ஈஸ்ட் ஹாம்காரர்களுக்கு டிஸ்ட்ரிக்ட் லைனில் இந்தச் சலுகை இல்லை. சென்ட்ரலில் ஸ்ட்ராட்ஃபோர்டு வந்து பஸ் பிடியுங்கள்.

நான் லண்டனில் இல்லை. எங்கள் ஊரில்?

லீட்ஸில் படித்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். புரூடெனல் சோஷியல் கிளப் மாணவர்கள் குடியிருக்கும் ஹைட் பார்க் பகுதியிலேயே இருக்கிறது. தொழிலாளர் சங்கக் கிளப்பாகத் தொடங்கிய இடம்; பீரும் மலிவு, ஒலியும் அருமை. மான்செஸ்டரில் ஓல்டம் தெருவின் நைட் அண்ட் டே, கிளாஸ்கோவில் மேலே சொன்ன கிங் டட்ஸ், கார்டிஃபில் கிளப் இவோர் பாக், சவுத்ஹாம்ப்டனில் ஜாய்னர்ஸ். ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி கடைசியில் 'இண்டிபெண்டன்ட் வென்யூ வீக்' என்று நாடு முழுக்க இந்த அறைகளில் ஒரு வாரம் விசேஷக் கச்சேரிகள் நடக்கும். உங்கள் ஊரில் எந்த அறை இருக்கிறது என்றே தெரியாவிட்டால் அந்தப் பட்டியலில் ஊர்ப் பெயரைத் தேடுங்கள், வந்துவிடும்.